மெயில் தனி, பிரவுசர் தனி

திரையின் இடப்பக்க மூலையில் எப்போதும் ஒரு கடித உறைப் படம் இருக்கும். இன்டர்நெட் பார்க்கிற அதே புரோகிராமின் அடியில், மாட்டோடு கன்று நிற்பதுபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை அமத்தினால் மெயில் திறக்கும். செல்வரட்ணத்துக்குத் தெரிந்த கணினி வித்தை அவ்வளவுதான். ஞாயிறு மத்தியானம் அந்தப் படத்தைக் காணவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். இல்லை. புது பிரவுசர் பளபளவென்று வெறுமையாக நின்றது.

அதற்குள்தான் அக்காவுக்கு எழுதியது கிடந்தது.

அக்கா செல்லம் ரொறொன்ரோவில் காலமாகி மூன்று கிழமைக்கு மேல். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறார்கள். தேவாரமும் வம்சாவளியும் முடிந்தபின், சொந்தக்காரர் எழுதும் பக்கங்கள் அந்த நினைவுப் புத்தகத்தில் வரும். தம்பியின் பக்கம் மட்டும்தான் பாக்கி. கனடா விசா மறுத்துவிட்டது. ஆள் போக வழியில்லை, எழுத்தாவது போகட்டும் என்றிருந்தார். ஜெர்மனி நேரம் மாலை ஆறு மணிக்குள் அனுப்பாவிட்டால் அச்சகம் பக்கத்தை மூடிவிடும் என்று அக்காவின் மகன் சேயோன் சொல்லியிருந்தான்.

செல்வரட்ணம் எழுத்துப் படித்ததே நாற்பது தாண்டித்தான். மகளை டோர்ட்மண்டில் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய், கடைசி வாங்குப் பலகையில் குந்தியிருந்து, சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து வாயசைத்துப் படித்தது. பலகைத் தொழிற்சாலையில் ஆணி அடித்துவிட்டு வந்து, அக்காவின் பக்கத்துக்கு நாளுக்கு ஒரு வரி, சில நாள் அரை வரி. எழுதிப்போட்டு, அனுப்பாமல், 'பிறகு' என்ற பொத்தானை அமத்தி வைத்துவிடுவார்.

டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் கிரிதருக்குப் போன் அடித்தார். தமிழ்நாட்டுப் பிள்ளை, எஞ்சினியர். டோர்ட்மண்டில் இருந்த காலத்தில் தன் பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன். நேற்றுச் சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டும் போயிருந்தான்.

"தம்பி, என்ர மெயிலை என்ன செய்தனீங்கள்?"

"அது பழைய பேக்கேஜ் அண்ணே, எல்லாம் ஒண்ணா கட்டி வச்சது. அதை நிறுத்திட்டாங்க. இப்போ பிரவுசர் தனி, மெயில் தனி. நான் பிரவுசர் மட்டும் போட்டேன்."

"மற்றது?"

"வெப்லயே பாத்துக்கலாமேன்னு விட்டுட்டேன். உங்க மெயில் எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்கும்."

"நான் அனுப்பேல்லையே தம்பி! அரைகுறையா எழுதி வைச்சிருந்தனான். அது எப்பிடிச் சர்வருக்குப் போகும்?"

"அண்ணே... டிராஃப்டா?" என்றான் மெதுவாக.

"என்ன கோதாரியோ. சோறும் கறியும் ஒரு கோப்பையில கிடந்தது. நீங்கள் கறியை எடுத்து எங்கயோ வைச்சிட்டு, சோறு நல்லா இருக்கு சாப்பிடுங்கோ எண்டுறியள்."

"சத்தம் போடாதீங்க அண்ணே. பேக்கேஜைத்தான் தூக்கினேன், உங்க ஃபோல்டரைத் தொடலை. உள்ள இருக்கும்."

குசினியிலிருந்து மனைவி கலாதேவி எட்டிப் பார்த்தாள். "அந்தப் பெடியனை ஏன் ஏசுறியள்? உங்கட ஆணி வேலைக்கு ஆரும் இப்பிடி ஏசினால் தெரியும்."

"நீ போய் உன்ர அலுவலைப் பார்."

பிறகு தொடங்கியது சித்திரவதை. திரையில் கட்டளை தட்டுகிற கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறக்கச் சொன்னான். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஆணி பிடித்துக் காய்த்த விரலால் இவர் தட்டினார். ஒரு எழுத்துப் பிழைத்தால் பெட்டி ஜெர்மனில் ஏசியது. மெயில் புரோகிராம் வந்து இறங்கியது, கூட இன்னொன்று வேண்டுமென்று நின்றது, அதுவும் வந்தது. 'பழையதை எடுக்கவா' என்று கேட்டது.

"ஓம் எண்டு அமத்தட்டோ?"

"ஆமா, ஆமா, அமுக்குங்க."

வந்தது. தன் வரிகள், விட்ட இடத்திலேயே, மொத்தமாக. செல்வரட்ணம் ஒருதரம் கண்ணை மூடித் திறந்தார். கடைசி வரியை முடித்து, அனுப்பு என்று அமத்தினார்.

கடவுச்சொல் கேட்டது.

"அது என்ன தம்பி? பழையது ஒருநாளும் கேக்கேல்லையே."

"பழசு ஞாபகம் வச்சிருந்துச்சு. இது வேற புரோகிராம் இல்லையா, அதுக்குத் தெரியாது. நான்தான் அப்போ போட்டுக் கொடுத்தேன்... எனக்கும் மறந்துபோச்சு அண்ணே."

இரண்டுபேரும் மாறி மாறிச் சொன்ன எதையும் அது ஏற்கவில்லை. வெளியில் வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது.

"ஒண்ணு பண்ணலாம்," என்றான் கிரிதர். "நீங்க படிங்க. நான் டைப் பண்ணி என் மெயில்லேர்ந்து அனுப்புறேன்."

வேறு வழியில்லை. தான் எழுதியதைத் தானே உரக்கப் படித்தார். "அக்கா, உனக்கு வந்த கடிதம் ஒண்டும் நான் எழுதினது இல்லை. அகதி ஹைமில இருந்த ஆக்களைக் கெஞ்சி எழுதுவிச்சது. நான் பசிக்குது எண்டு சொன்னால் அவங்கள் நலம் எண்டு எழுதுவாங்கள். இதை நானே எழுதுறன்." அதற்குமேல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் படித்தார். கிரிதர் அவசரப்படுத்தவில்லை. முடியும்வரை தட்டினான், அனுப்பினான்.

செல்வரட்ணம் தேத்தண்ணியைக் கையில் எடுத்தபோது ரொறொன்ரோவிலிருந்து சேயோன் போன் எடுத்தான்.

"மாமா, கிடைச்சுது. நல்ல வடிவா இருக்கு. ஆர் மாமா அந்தக் கிரிதர்?"

"அவர்... கொம்பியூட்டர் அலுவல் பாக்கிறவர்."

"நல்லா எழுதிக் குடுத்திருக்கிறார். அந்த 'இதை நானே எழுதுறன்' எண்ட வரி சூப்பர். அம்மா இருந்திருந்தால் அழுதிருப்பா. நன்றிப் பக்கத்தில அவற்ற பேரையும் போட்டிருக்கிறன்."

கோப்பை தட்டில் மோதியது. "டேய், அதை நான் எழுதினனான்!"

"ஓம் ஓம் மாமா, உங்கட பேரிலதான் வரும். பயப்பிடாதேங்கோ."

"பேரைக் கேக்கேல்லையடா. எழுதினது நான். ஒவ்வொரு எழுத்தும்."

"சரி மாமா, சரி," என்றான் சேயோன், காய்ச்சல்காரனுக்குச் சொல்வதுபோல. "அச்சகத்தில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்."

செல்வரட்ணம் ரிசீவரைப் பிடித்தபடி நின்றார். ஆணி அடிக்கிறவன் கைக்கு எழுத்து வராது என்பது எல்லோருக்கும் முடிந்த முடிவு. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி டார்ம்ஸ்டாட்டுக்கு அடித்தார்.

"தம்பி, உடனே இன்னொரு மெயில் போடுங்கோ. நான் சொல்லச் சொல்லத் தட்டினது மட்டும்தான் உங்கட வேலை, உங்கட பேரை எடுக்கச் சொல்லி எழுதுங்கோ."

"ஐயோ, நீங்களே சொல்லலாமே அண்ணே. உங்க மருமகன்தானே?"

"சொன்னனான்," என்றார் செல்வரட்ணம். "நீங்கள் சொன்னால்தான் நம்புவாங்கள்."