ஒரு கட்டம் மேலே

அந்த வீட்டில் அவளுக்குக் கட்டக்காரி என்று பெயர். வைத்தவர் புருஷன்தான். பின்னே, பொழுதெல்லாம் கணினி முன் உட்கார்ந்து பொடிப்பொடிச் சதுரக் கட்டங்களுக்கு நிறம் போட்டு முகம் செய்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவதாம்? கணினி விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. அகலத்தில் முப்பத்திரண்டு கட்டம், உயரத்தில் முப்பத்திரண்டு. அதற்குள் ஓர் ஆளை மூக்கும் முழியுமாக உட்கார வைக்க வேண்டும். கண்ணுக்கு இரண்டு கட்டம் கிடைத்தாலே பெரிய பாக்கியம்.

புருஷன் பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஹாரன். வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "நேரம்னா நேரம்தான். என் வண்டி யாருக்காகவும் நிக்காது" என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

புது விளையாட்டில் வரும் படகோட்டிக்கு அவர் முகத்தைத்தான் வைக்கப் போகிறேன் என்று கட்டக்காரி ஒருநாள் வாய்விட்டுவிட்டாள். மறுநாள் டிப்போ முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்றோ, சாயங்காலத்துக்குள் முகம் சரியாக வராவிட்டால் கைவசம் இருக்கிற ஏதோ ஒரு முகத்தைப் போட்டுவிடுவதாக அவளுடைய மேலதிகாரி அம்மா சொல்லிவிட்டார். அப்படி ஆனால் ஹாரன் டிப்போவில் தலைகாட்ட முடியுமா?

"ஆடாம உக்காருங்க."

"ஆடலையே. மூச்சு விட்டேன்."

"அதையும் மெதுவா விடுங்க."

தலையின் உருவத்தை ஒரே நிறத்தில் போட்டாள். நெற்றிக்குக் கொஞ்சம் வெளிச்சம், தாடைக்கடியில் நிழல், அப்புறம் மீசை. எல்லாம் அளவாகத்தான் இருந்தது. விளையாட்டில் தெரியப்போகும் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள்.

டீ கொண்டுவந்த மாமியார் எட்டிப் பார்த்தார். "யாரும்மா இது? காணாமப் போனவரா?"

"உங்க பையன்தான் அத்தை."

"இவனா? வாயே திறக்க மாட்டான் போலிருக்கே! இவனையே வெச்சுக்கலாம்மா."

புருவத்தைத் தடிப்பாக்கினாள், ஆள் சண்டைக்கு வந்தான். இளிக்க வைத்தாள், பல்வலிக்காரன் ஆனான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அதைப் பார்த்து ஹாரன் இன்னும் விறைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அவர் வண்டிக் கண்டக்டர்.

"என்னண்ணே, படகு கிளம்பிடுச்சா, இல்ல கரையிலேயே பஞ்சரா?"

ஹாரன் வெடித்துச் சிரித்தார். இடது கன்னம் மட்டும் மேலே ஏறியது. இடது புருவமும் கூடவே ஏறியது. வலது பக்கமோ, தனக்கும் இந்தச் சிரிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் கிடந்தது.

"அப்படியே இருங்க!"

"எப்படி?"

"பேசாதீங்க, சிரிங்க!"

கட்டக்காரி திரையின் மூலையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு பாதியை வரைந்தால் மறுபாதி தானாகவே அதேபோல் விழும் வசதி ஒன்று அதில் உண்டு. தலையின் உருவத்துக்கு வேலை மிச்சமென்று போட்டவள், அணைக்கவே மறந்திருக்கிறாள். கோணலாய்ச் சிரிக்கிற மனுஷனை இவ்வளவு நேரமும் இரண்டு பக்கமும் இழுத்துச் சமன்செய்துகொண்டிருந்திருக்கிறாள்!

அணைத்தாள். வாயின் இடது ஓரம் ஒரு கட்டம் மேலே. இடது புருவம் ஒரு கட்டம் மேலே. கன்னத்து மடிப்புக்கு ஒரே ஒரு கருப்புக் கட்டம். சுருக்கினாள்.

"அடப்பாவி, அதுக்குள்ள போயும் கத்துறானே!" என்றார் மாமியார்.

படத்தை அனுப்பிவிட்டாள். ஹாரன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒருவழியாக மேலதிகாரி அம்மா கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரைப் போட்டாள் கட்டக்காரி.

"இந்த மூஞ்சி எங்க கெடச்சுது உனக்கு?"

"ஏன் மேடம், சரியா வரலையா?"

"வரலையாவா? நேத்து காலைல நான் பஸ்ஸப் புடிக்க ஓடி வர்றேன். கண்ணாடியில என்னைப் பாத்து, இதே சிரிப்பு சிரிச்சிட்டு, வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரும்மா இந்த மனுஷன்!"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஹாரன் சுவரைப் பார்த்தார்.

"முகத்த இப்படியே வெச்சிடு. ஆனா ஒண்ணு, நம்ம படகோட்டி யாரையும் கரையில விட்டுட்டுப் போகக் கூடாது."

"அத நான் பாத்துக்கறேன் மேடம்" என்றாள் கட்டக்காரி, புருஷனைப் பார்த்துக்கொண்டே.

போனை வைத்ததும் ஹாரன் பக்கத்தில் வந்து நின்றார். பிறந்ததிலிருந்து அவர் அவ்வளவு மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அந்தம்மா எந்த ஸ்டாப்புல ஏறுவாங்க?"