எரிதலுக்கு எடுத்துக்காட்டு

வீட்டிலிருந்தே ஓர் அகராதிக்கு வேலை பார்க்கிறேன். சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுத வேண்டும். அச்சானதும் முன்பக்கத்தில் என் பெயர் வரும் என்றார்கள். மளிகைக்கடைக்குக்கூட என்னைத் தனியாக அனுப்பாத வீடு இது. அந்தப் பெயருக்காகத்தான் உயிரைக் கொடுத்து எழுதினேன்.

இந்த முறை வந்த சொல் 'எரிதல்'. விளக்கு எரியும், கண் எரியும், வயிறு எரியும். கூடவே கனலுதல், காந்துதல், தகித்தல், கருகுதல் என்று பெரிய குடும்பம். ஒன்றுக்கொன்று ஒட்டாது, ஆனாலும் ஒரே கூரைக்குள் இருந்தாக வேண்டும். எங்களைப் போலத்தான்.

எதை எழுதினாலும் என் வீட்டுக்காரர் படித்த பிறகுதான் அனுப்ப வேண்டும். அது இந்த முறை அவர் புதிதாகப் போட்ட சட்டம்.

"'எதைக் கேட்டாலும் அவர் எரிந்து விழுகிறார்.' யாரு இந்த அவரு?"

"யாரும் இல்லைங்க. சும்மா உதாரணம்."

"நாலு பேர் படிக்கிறது. மேனேஜர்னு மாத்து."

மாற்றினேன். 'நாள் முழுதும் மனம் காந்தியது' என்பதை அடித்துவிட்டு, 'மிளகாய் பட்ட விரல் காந்தியது' என்று அவரே எழுதினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு வரிக்கு வரி குறுகுறுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்த்துப் பேசினால் இருக்கிற வேலையும் போகும் என்று அவர் திருத்தியபடியே படியெடுத்து அனுப்பினேன்.

அனுப்பிய மறுவாரம் அகராதியின் பதிப்பாசிரியர் மேடம் அழைத்தார். ஃபோன் வீட்டுக்காரருடையது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் என்னைப் பேச விடுவார்.

"இந்தத் தடவை எல்லாம் அடக்க ஒடுக்கமா இருக்கும்மா. முன்னாடி மாதிரி சண்டை சச்சரவு எதுவும் இல்ல. பள்ளிக்கூடப் பதிப்புக்கு இதுதான் வேணும். ஆனா நீங்க எழுதின மாதிரி தெரியலையே?"

அடித்துப்போட்ட வாக்கியங்களைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் மேடம் எல்லாத்தையும் திருத்தறது."

"அப்படியா சார்? அப்ப உங்க பேரையே போட்டுடறோம்."

"அதெல்லாம் எதுக்கு மேடம்" என்றார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த சொல் அவர் பெயருக்கே வந்தது. உறையைப் பிரிக்காமல் என் பக்கம் தள்ளினார்.

"நீ எழுதி வை. நான் பாத்துக்கறேன்."

அவர் அடிக்கக்கூடியதை எல்லாம் மனத்துக்குள் நானே அடித்துவிட்டு எழுதினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பேனாவோடு உட்கார்ந்து முழுதும் படித்தார். ஒரு சொல்லைக்கூட அவர் அடிக்க வேண்டியிருக்கவில்லை.