கொண்டைக்கு மேலே ஒரு வரி

சேலையில் பதினோரு மயில் நெய்தாகிவிட்டது. எட்டு மயில் லட்சணமாக இருந்தன. மூன்றுக்கு மட்டும் கொண்டைக்கு மேலே ஒரே ஒரு வரி, சரிகையை வாரி இறைத்தது போலக் கன்னாபின்னாவென்று ஓடியது.

"இன்னாம்மா இது, உன் பெட்டிக்குப் பேய் புடிச்சிக்கிச்சா?" என்றாள் தறிக்காரி நீலாம்பாள்.

சுகாசினி குனிந்து அந்த வரியைத் தடவிப் பார்த்தாள். பெட்டி அவள் செய்தது. ஏனாத்தூர் காலேஜில் படித்த படிப்பையெல்லாம் கொட்டி, இரண்டு வருஷம் மாரடித்துச் செய்தது. எந்த இழையை எப்போது தூக்க வேண்டும் என்று துளை போட்ட அட்டைகள் தறிக்குச் சொல்லும் இல்லையா, அந்த வேலையை இனி இந்தப் பெட்டி செய்யும். அவள் விற்ற முதல் பெட்டி. தெருவில் இன்னும் ஆறு வீட்டார் நீலாம்பாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினால் போதும், சுகாசினி கடையை மூட வேண்டியதுதான்.

"நாளைக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி கழட்டிக்கினு போ. நான் அட்டைக்கே போயிடறேன்."

சுகாசினி லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தாள். திரை முழுக்க எண்கள். நீலாம்பாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இதுல எதும்மா மயிலு?"

"அதான்கா தெரியல. எழுதும்போது ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சுதான் எழுதினேன். பெட்டிக்குள்ள போறப்போ பேரெல்லாம் உதிர்ந்துடும், நம்பர் மட்டும்தான் நிக்கும்."

"நல்ல கூத்து! பேர் வெச்சவளே பேரைத் தொலைச்சிட்டு நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கினு இருக்கிற. ஜெயிலா இது?"

அந்தக் கவலையிலும் சுகாசினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் ஒரு ரூம் அளவு இருந்த காலத்துல, அமெரிக்காவுலயும் இப்படித்தான்கா. நம்பரைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு அவங்களுக்கு. அப்புறம்தான், வெச்ச பேரைச் சொல்லியே மெஷினைக் கேள்வி கேக்கற மாதிரி ஒண்ணு எழுதினாங்க. அதுக்குப் பூச்சி மருந்தோட பேரை வெச்சாங்களாம்."

"பூச்சி மருந்தா?"

"ஆமாங்கா. புரோகிராம்ல வர்ற தப்பைப் பூச்சின்னுதான் சொல்லுவாங்க."

"அவங்க கடுப்புலயும் ஒரு நியாயம் இருக்குது," என்றாள் நீலாம்பாள். "நீயும் ஒண்ணு எழுதேன்."

அட, அதுவும் சரிதானே! சுகாசினி அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எந்த எண் எது என்று தேடிப்பிடித்து, ஒவ்வொன்றுக்கும் பேரை ஒட்டினாள். நெய்துகொண்டே நீலாம்பாள்தான் பேர் சொன்னாள்: மயில், கரை, வரி. மத்தியானத்துக்குள் எண்களெல்லாம் மறைந்து, 'வரி: 40', 'வரி: 41' என்று திரை தமிழில் எண்ணத் தொடங்கியது. சாயங்காலம்வரை இருவரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஒரு வரியும் பிசகவில்லை; பிசகினால்தானே பூச்சி எங்கே என்று பிடிக்க முடியும்! சுகாசினிக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டாள். நீலாம்பாள் விளக்கேற்றி, தறியில் உட்கார்ந்து, கடைசி இழையை உருவி எடுத்துவிட்டு, பெட்டியை ஒரு வரி பின்னால் போகச் சொல்லும் பொத்தானை ஒருமுறை அழுத்தினாள்.

வரி: 255.

"அடியாத்தி! மயிலுக்கு மொத்தமே தொண்ணூத்தாறு வரி. இது எந்த ஊர் வரி?" என்று முதலில் கத்தியது நீலாம்பாள்தான்.

"அக்கா, இப்ப இன்னா பண்ணீங்க?"

"தெனம் பண்றதுதான். ராவெல்லாம் தளர்ந்து கெடக்கிற கடைசி எழையை உருவிட்டு, புதுசா போடுவேன்."

"நேத்து எங்க நிறுத்தினீங்க?"

"மயிலு முடிஞ்ச எடத்துல. பாதி மயிலைத் தறியில தொங்க விட்டுட்டு எவளாவது எழுந்திருப்பாளா? எங்க வூட்ல அந்தப் பழக்கமே கெடையாது. பாவம் இல்ல அது?"

சுகாசினி தலையில் அடித்துக்கொண்டாள். மயில் முடிந்ததும் பெட்டி கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும். பூஜ்யத்திலிருந்து ஒன்று பின்னால் போகச் சொன்னால், போக இடமில்லாமல் எங்கோ இல்லாத வரிக்குத் தாவியிருக்கிறது. மூன்று விடியல், மூன்று கொண்டை. அவள் நூறு தடவை சோதித்திருந்தாள். ஒரு தடவைகூட முழு மயிலில் நிறுத்தியதில்லை. பாதி மயிலுக்காகப் பாவப்படுகிற பழக்கம் அவளுக்கு இல்லையே!

'இனிமே முடிஞ்ச எடத்துல நிறுத்தாதீங்கக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டி தப்பிக்கும். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"உங்க மேல ஒண்ணும் இல்லக்கா. தப்பு என் பெட்டி மேலதான்."

அரைமணியில் சுகாசினி திருத்திவிட்டாள். பொத்தானை அழுத்தியதும் 'வரி: 96' என்று வந்தது. இழையைப் போட்டுப் பார்த்தார்கள். கொண்டைக்கு மேலே ஒரு பொட்டுச் சரிகைகூடச் சிதறவில்லை. சுகாசினி லேப்டாப்பை மூடப் போனாள்.

"அதை எங்க எடுத்துக்கினு போற?"

"அதான் சரியாயிடுச்சேக்கா."

"ஊமை மெஷினை நம்பி நான் உக்கார மாட்டேன். அந்தப் பேருங்க இங்கியே இருக்கட்டும். உன் பழைய போன்லயாவது போட்டுத் தறியில கட்டிவுடு."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, அடுத்த வீட்டுத் தறிக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"ஏ சங்கரி! பெட்டி தப்பு பண்ணிடுச்சுடி!"

சுகாசினி பதறிப்போய் ஜன்னல் பக்கம் ஓடினாள்.

"எங்கடி தப்புன்னு கேட்டேன், அதுவே சொல்லிச்சு. நீயும் ஒண்ணு வாங்கிக்கோ!"