பரஸ்தானம் வைத்த பெட்டி

அந்த விமானக் கம்பெனி இப்போது இல்லை. மூடிப்போன கம்பெனியைப் பெயர் சொல்லி ஏசுவானேன்? மேற்கு ஆப்பிரிக்காவில் புதிதாகச் சுதந்திரம் வாங்கிய ஒரு நாடு, கொடியேற்றிய கையோடு அதைத் தொடங்கியது. கொஞ்ச காலம் வெள்ளைக்காரனோடு கூட்டு. பிறகு அவன் பங்கையும் வாங்கிக்கொண்டு, ருஷ்யாவிலிருந்து வரிசையாக விமானங்களை இறக்கியது. அவை கெய்ரோவுக்கும் மாஸ்கோவுக்கும் பறந்தன. உள்ளே பயணிகளைவிடப் பணிப்பெண்கள் அதிகம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா? ஆனால் தென்காசியில் அதை யார் கேட்டார்கள்! அந்த விமானங்களின் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவன் ஆவுடைநாயகத்தின் மகன் வல்லிநாயகம். ஊருக்கு அது போதும்.

1966 மாசியில் அந்த நாட்டு ஆட்சியைப் பட்டாளம் பிடித்துக்கொண்டது. சித்திரையில் வல்லிநாயகம் லீவில் வந்தான். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் கிளம்ப வேண்டும். அதை விட்டால் பம்பாயில் விமானம் போய்விடும், விமானம் போனால் வேலை போய்விடும் என்று சொல்லியிருந்தான். அவன் மனைவி சண்முகசுந்தரிக்கு அந்த வேலைதான் மூச்சு. இந்தத் தடவை வீடு பார்த்துவிட்டு அவளையும் அழைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

ஆப்பிரிக்கா இருப்பது மேற்கே. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. ஆவுடைநாயகம் கோயில் கட்டளைக்காரர், சூலத்தில் மகனை அனுப்புவாரா? இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த குறுக்குவழிதான் பரஸ்தானம். முந்தின நாள் நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை மேற்கே இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் ஆள் புறப்பட்டதாகவே கணக்கு. போகும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. வியாழக்கிழமை பெட்டி மேலத்தெரு முப்பிடாதியம்மாள் வீட்டுக்குப் போனது. வெறும் துணியை வைத்தால் தெய்வத்தை ஏமாற்றுவதாகும் என்று பாஸ்போர்ட்டையும் ரயில் டிக்கெட்டையும் உள்ளே வைக்கச் சொன்னார் ஆவுடைநாயகம்.

வெள்ளி மத்தியானம் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு தொங்குகிறது. வீரகேரளம்புதூரிலிருந்து தங்கச்சி வந்தாளாம், சாரல் இறங்கிவிட்டது என்று இருவரும் ஐந்தருவிக்குப் போய்விட்டார்களாம். உச்சிக்குள் வந்துவிடுவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர்களை மணி மூன்றாகியும் காணவில்லை.

"பூட்ட ஒடச்சிருவோம் மாமா" என்றாள் சுந்தரி.

"பரஸ்தானம் வச்ச வீட்டுப் பூட்ட ஒடச்சா பயணம் வெளங்குமாட்டி?" என்று அலறினார் ஆவுடைநாயகம்.

குதிரை வண்டி பிடித்துப் புருஷனோடு ஐந்தருவிக்கு ஓடினாள். வழியெல்லாம் வண்டிக்காரனை விரட்டிக்கொண்டே வந்தாள். வல்லிநாயகம் மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். இந்த மனுஷனுக்குப் பதற்றமே கிடையாதா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம் ஏறுகிறது, வெளியே வா என்று ஆட்கள் கத்தினார்கள். கரையேறும் பெண்களின் முகம் முகமாகத் தேடினாள் சுந்தரி. முப்பிடாதியம்மாள் அந்தப் பக்கத்துப் பாறையில், தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் இடுப்பளவு தண்ணீர் இழுத்தது.

"சுந்தரி, வேண்டாம்! ஏட்டி, போகாத!" என்றான் வல்லிநாயகம்.

அவள் இறங்கிவிட்டாள். பாதி தூரத்தில் கால் வழுக்கி முழுதாக அமிழ்ந்தாள். அருவிக் காவலர் கயிற்றை வீசி, அவளையும் அந்த இருவரையும் ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். மூச்சு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், முப்பிடாதியம்மாளின் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்ததுதான்.

அக்காவும் தங்கச்சியும் பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது வண்டிக்குள் வல்லிநாயகம் தேம்பி அழ ஆரம்பித்தான்.

"எதுக்கு அழுதிய? சாவி கெடச்சிட்டுல்லா? வண்டியப் புடிச்சிரலாம்."

"லீவு இல்ல சுந்தரி. கணக்கத் தீத்து அனுப்பிட்டாவ. நான் வேல படிச்ச பிளேனையெல்லாம் ருஷ்யாவுக்கே திருப்பி அனுப்புதாவ. பிளேனு இல்லாம மெக்கானிக் எதுக்கு?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது குளிர் விட்டுக் கோபம் உடம்பெல்லாம் ஏறியது.

"அப்ப இந்தப் பயணம்?"

"பம்பாய்ல எதாவது ஒர்க்‌ஷாப்ல சேருவேன். ஆப்பிரிக்கால இருக்கதாவே அப்பா நெனச்சிக்கிடட்டும். சாவியத் தா. வண்டிக்கு நேரமாவுது."

"என்னையும் அப்படியே நெனச்சிக்கிட்டு இருக்கச் சொல்லியிருப்பிய, இல்லியா?"

சாவியை அவள் உள்ளங்கை வலிக்க இறுக்கிக்கொண்டாள். இதற்காகவா செத்துப் பிழைத்தோம் என்று நினைத்தபோது அவனை அறையலாம் போலிருந்தது. அழுகிற அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மேலத்தெருவில் ஆவுடைநாயகம் மாலையோடு நின்றார். கூடவே வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். "கெடச்சுதா தாயி? சீக்கிரம் தொற!" என்றார்.

வல்லிநாயகம் அவளை நோக்கிக் கையை நீட்டினான். சுந்தரி அவனைத் தாண்டிப் போய் மாமனார் கையில் சாவியைக் கொடுத்தாள்.

"மாமா, ஒங்க மகன் ஒண்ணு சொல்லணுமாம். கேட்டுட்டுத் தொறங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான், எல்லாவற்றையும். ஸ்டேஷன் பக்கம் வண்டி கூவியது. யாரும் அசையவில்லை.

ஆவுடைநாயகம் சாவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இத்தன பேரையும் வழியனுப்பக் கூட்டியாந்துட்டனேலே" என்றார்.

சுந்தரி ஈரச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வந்தவுக பசியோட நிக்காவ மாமா. எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாங்க, எல போடுதேன்."