இரண்டு பூட்டுக்கு ஒரே சொல்

வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி.

"பழைய விண்டோவை மட்டும் மூடிடாதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "அது திறந்திருக்கிற வரைக்கும்தான் நமக்கு உயிர்."

அண்ணி தலையாட்டினாள். பிள்ளை பிறந்தபின் சில வருடம் வீட்டோடு இருந்துவிட்டாள். ஒரு வாரம் வேலை பார்க்கட்டும், பிறகு சொல்கிறோம் என்று நாத்தனாரின் கம்பெனியில் எடுத்திருந்தார்கள். அவள் சிபாரிசு. அப்படி வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. பிளாஸ்டிக் ஸ்டூல்.

இன்று கடைசி நாள். கடைசி வேலை, கம்பெனியின் சர்வருக்குள் நுழையும் வழியை மாற்றுவது. இனி பாஸ்வேர்டு செல்லாது. கணினியில் சாவிக் கோப்பு இருந்தால்தான் உள்ளே விடும். பிசகினால் எல்லோரும் வெளியே; உள்ளே மிஞ்சுவது, ஏற்கெனவே நுழைந்திருந்த பழைய விண்டோ மட்டும். சர்வர் இருப்பது வேறு ஊரில். அங்கிருப்பவர்களைக் கூப்பிட்டால் மேலாளருக்குத் தெரியும். தெரிந்தால் ஸ்டூலும் போகும்.

சாவியை உருவாக்கினாள். திருட்டுப் போனாலும் திறக்காமலிருக்க அதற்கும் ஒரு ரகசியச் சொல் வைத்தாள். சர்வரின் சாவிப் பட்டியலில் அதைச் சேர்த்தாள். புது விண்டோவில் நுழைந்து பார்த்தாள். சொல் கேட்டது. தட்டினாள். உள்ளே விட்டது.

"சாவி வேலை செய்யுது. பாஸ்வேர்டை நிறுத்திடுங்க."

அண்ணியின் விரல் விசைக்கு மேலேயே நின்றது.

"இரு. இப்ப என்கிட்ட கேட்டது யாரு? சாவியா, சர்வரா?"

"நீங்கதானே தட்டினீங்க?"

"படிக்கவே இல்ல. கை தானா தட்டிடுச்சு. பாஸ்வேர்டையே சாவிக்கும் வச்சுத் தொலைச்சேன், மறந்துடுவேன்னு."

"அப்படியே எங்கண்ணன். அவனும் எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான்."

"அதனாலதான் அவர் போனை நான் திறக்கிறேன்."

சாவியின் சொல்லை மாற்றினாள். மறுபடி நுழைந்தாள். இந்த முறை வரியைப் படித்தாள். கேட்டது சர்வர். பழைய பாஸ்வேர்டைத்தான் கேட்டது. சாவியை அது பொருட்படுத்தவே இல்லை.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். "நிறுத்தியிருந்தா?"

"பேசாம இரு."

பழைய விண்டோவுக்குப் போனாள். சாவிப் பட்டியல் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து கிடந்தது. அப்படிக் கிடக்கும் பட்டியலை சர்வர் நம்பாது. தன் கணக்குக்கு மட்டும் என்று அடைத்தாள்.

புது விண்டோ. சாவிதான் கேட்டது. புதுச் சொல்லைத் தட்டினாள். திறந்தது.

பாஸ்வேர்டை நிறுத்தினாள். மாற்றம் நடப்புக்கு வர, சர்வரின் நுழைவுச் சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். இன்னொரு விண்டோவில் சாவியோடு நுழைந்தாள். விட்டது. சாவி இல்லாமல் முயன்றாள். அனுமதி இல்லை என்றது.

அண்ணி சிரித்தாள்.

"வெளிய போன்னு சொன்னதுக்கு இவ்வளவு சந்தோஷமா?"

"போகச் சொல்ல வேண்டியவங்களைத்தானே சொல்லுது."

பழைய விண்டோவை மூடினாள். எழுந்து இடுப்பை நிமிர்த்தினாள்.

கதவு திறந்தது. மேலாளர் தலையை மட்டும் நீட்டினார்.

"என்னம்மா, முடிஞ்சுதா? உள்ள போக முடியுதா?"

"முடியுது மேடம்," என்றாள் அண்ணி. "சாவி இருந்தா மட்டும்."

மேலாளர் திரையைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் பார்த்தார்.

நாத்தனார் விடவில்லை. "திங்கக்கிழமைக்கு ஒரு நாற்காலி சொல்லிடட்டுமா மேடம்?"