பொட்டு வைத்த மெக்னீசியம்

ஆயுத பூசை வந்தால் சின்னதுரை அண்ணனைக் கையில் பிடிக்க முடியாது. கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கிற அந்தப் பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் உதவியாளர். உலை, தராசு, சுத்தியல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்துக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். இந்த வருடம் செலினாவின் இரண்டு வில்லைகளையும் விட்டுவைக்கவில்லை.

புதன்கிழமை காலை அதைப் பார்த்ததும் செலினாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எம்.இ. ஆய்வுக்காக அவள் ஒரே மெக்னீசியக் கலவையில் வெட்டிய வில்லைகள் அவை. ஒன்று உலையில் பத்து நாள் வெந்தது, மற்றது வேகாதது. இரண்டுக்கும் ஒரே எடை, ஒரே நிறம். எது எது என்று சொல்ல அவள் மார்க்கரில் எழுதிய எண்தான் இருந்தது, அது போயே போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஆய்வு வழிகாட்டி நிர்மலா மேடம் முன்னால் வாய்மொழித் தேர்வு. வேறு வில்லை வெட்டக் கலவையும் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டால், மாமியார் ஊரென்று கல்வராயன் மலைக்கு ஏறியவர் சிக்னலுக்கு வெளியே இருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான்.

கொஞ்ச நேரம் திட்டித் தீர்த்தவள் யோசித்தாள். வேகாத வில்லையில், மெக்னீசியத்தோடு கலந்த அலுமினிய அணுக்கள் எல்லா இடத்திலும் சிதறி, வெள்ளிமலை பஸ்ஸில் நடுவழியில் நிற்கிறவர்கள் மாதிரி வழிமறிக்கும். வெப்பம் சுலபமாகக் கடக்காது. ஆனால் சூடு ஏற ஏற, வெப்பத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் பெரிய மூட்டையாகத் தூக்கும். நெரிசல் அப்படியே இருந்தாலும் கடத்தல் கூடும். வெந்ததிலோ அந்த அணுக்கள் அங்கங்கே கும்பலாய் ஒதுங்கிவிட்டன. அது ஆரம்பத்திலேயே நன்றாகக் கடத்தும், சூட்டால் அவ்வளவாக மாறாது. அப்படியானால் வில்லைகளே தங்கள் பேரைச் சொல்லும்.

இரண்டு நாள் விடுமுறையும் சூட்டை ஏற்றி ஏற்றிக் கடத்தலை அளந்தாள். வரைபடத்தில் ஒரு கோடு தாழ்வில் தொடங்கிச் சரசரவென்று ஏறியது, மற்றது மேலேயே கிட்டத்தட்டப் படுத்துக்கிடந்தது. ஒவ்வொரு வில்லையையும் தனித்தனி உறையில் போட்டுப் பேரெழுதினாள்.

வெள்ளிக்கிழமை, நடந்ததைக் கேட்ட நிர்மலா மேடம் வரைபடத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, வெந்தது இப்படித்தான் கடத்தும்னு நீயே சொல்ற. அப்படிக் கடத்துது, அதனால இதுதான் வெந்ததுன்னும் நீயே சொல்ற. இது இன்னா நியாயம்?”

செலினா வரைபடத்தைத் திரும்பப் பார்த்தாள். மேடம் கேட்டது நியாயமே.

அந்த நேரம் பார்த்துப் பொரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார் சின்னதுரை அண்ணன். சங்கதியைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். “அய்யய்யோ, வெந்தது எதுன்னு எனக்குத் தெரியும்ங்க! உலையிலேர்ந்து எடுக்க சொல்லோ இடுக்கி நழுவி ஓரத்துல பல்லு பட்டுடுச்சு. பாப்பா திட்டும்னு சொல்லல.”

வில்லைகளின் ஓரமெல்லாம் காய்ந்த சந்தனம், செலினா முகப்பை மட்டும்தான் துடைத்திருந்தாள். மேடம் இரண்டு உறையையும் பிரித்து, சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். “வேகாதது” என்று எழுதிய உறையின் வில்லை வழவழவென்று இருந்தது. “வெந்தது” என்ற உறையின் வில்லையில் குட்டியாக இரண்டு பள்ளம், பல் பட்ட அச்சு.

மேடம் சிரித்துவிட்டார். “எண் இருந்திருந்தா, வேணும்னே கோட்டை வளைச்சியோன்னு சந்தேகப்பட்டிருப்பேன். இப்போ பேரே தெரியாம அளந்து சரியா சொல்லியிருக்க. இதுக்கு மேல சாட்சி இன்னா வேணும்? தேறிட்ட, போ.”

செலினா பொரியை வாய் நிறையப் போட்டுக்கொண்டாள். “அடுத்த வருஷமும் கழுவி வெச்சிடுங்கண்ணே.”

“கழுவறேன்மா,” என்றார் அவர். “ஆனா இடுக்கியும் நழுவணுமே!”