மேயர் வாயில் வந்த 'நாங்கள்'

திவினாவுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஜூன் பன்னிரண்டு, அந்தத் தீவு நாட்டின் சுதந்திர தினம். நகராட்சி வாசலில் கொடித்தோரணம் கட்டியாகிவிட்டது. பள்ளிக்கூடத்து பாண்டு பிள்ளைகள் முரசைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோ கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதும், எழுந்து ஜன்னலுக்குப் போவதும், திரும்ப வந்து மேயருக்கு எழுதிய பேச்சில் ஒரே ஒரு வரியை வெறித்துப் பார்ப்பதுமாக இருந்தாள்.

'தாய்நாட்டுக்காக நாம் நம் வீடுகளை விட்டுக்கொடுப்போம்.' இதுதான் அந்த வரி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டை விடப்போவது கடலோரக் குடிசைக்காரர்கள் மட்டும். கடலைத் தூர்த்து ஓட்டல் கட்டப்போகிறார்களாம். மீன் பிடிக்கிற சனத்துக்கு மலையடிவாரத்தில் வீடு தருவார்களாம். அங்கே போய் எதைப் பிடிப்பது, ஓணானையா? அந்தக் குடிசைகளில் ஒன்றில்தான் திவினா பிறந்தாள். கிரிசாந்தோ என்கிற அவளுடைய அண்ணன், பெண்டாட்டி சலோமியோடு இன்னும் அங்கேதான் இருக்கிறான். திவினா படித்தாள், நகராட்சியில் வேலை கிடைத்தது, டவுனுக்குள் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தாள். போகாமலே இருந்திருக்கலாம்.

"மேயருக்குப் பேச்சு நீதான் எழுதறியாமே?" என்றான் கிரிசாந்தோ. வலையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"அது என் வேலை அண்ணே. எழுதச் சொன்னா எழுதறேன்."

"நல்லா எழுது. நாடு, தியாகம், வீரருங்க சிந்தின ரத்தம்... ஒண்ணையும் விட்டுடாதே."

சலோமி பூண்டு தாளித்த கஞ்சியை அவள் முன்னால் 'ணங்' என்று வைத்தாள். "நாட்டுக்கு ஒண்ணு வேணும்னா எங்க குடிசை மட்டுந்தான் கண்ணுல படுமா திவினா? மேயர் வீட்டு நீச்சல்குளத்தைத் தூர்த்து ஓட்டல் கட்டச் சொல்லேன்!"

"கோவப்படாதீங்க அண்ணி. நாம எல்லாருமாச் சேர்ந்து போய் ஒரு மனு..."

"நாம இல்லை," என்றான் கிரிசாந்தோ. "நாங்க. நாங்க பார்த்துக்கறோம். நீ மேயரோட ஆளு. உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நாம் என்றால் கேட்கிற ஆளும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்கிற ஆள் வெளியே. அந்த ஊர்ப் பாஷையிலும் இரண்டும் வேறு வேறு சொல், மழலை மாறாத பிள்ளைகூட இதில் தடுமாறாது. கூடப்பிறந்தவன் தெரிந்தேதான் சொன்னான். திவினா கஞ்சியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அந்த ஊரிலேயே இதில் தடுமாறக்கூடியவர் ஒருவர் உண்டென்றால் அது மேயர் மொந்தெரியல்தான். தாத்தா மேயர், அப்பா மேயர், இப்போது இவர். பெண்டாட்டி துணை மேயர். சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப்பட்டவர். இன்றைக்கும் மனசுக்குள் ஓடுவது ஆங்கிலம்தான். ஆங்கிலத்தில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல். சுதந்திர தினத்தன்று மட்டும் அன்னாசி நாரில் நெய்த பாரம்பரியச் சட்டையைப் போட்டுக்கொண்டு, திவினா எழுதித் தந்ததை உருகி உருகிப் படிப்பார். முடித்ததும், "என் மனசுல இருக்கறதை எப்படித்தான் எழுதறியோ!" என்பார். இருந்தால்தானே எழுதுவதற்கு!

"திவினா! மேயர் வந்தாச்சு, பேச்சு எங்கே?" வெளியே உதவியாளன் கத்தினான்.

திவினா 'நாங்கள்' என்று மாற்றினாள். வேலை போனால் வாடகைக்கு எங்கே போவது? மறுபடி 'நாம்' என்று மாற்றினாள். அப்படி மாற்றியதும் அண்ணன் தலை நிமிராமல் பேசியது ஞாபகம் வந்து பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் மேலா, மேயர் மேலா, தன் மேலேயேவா, யார் மேல் அந்தக் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. 'நாம் நம்' என்பதை அடித்துவிட்டு 'நாங்கள் எங்கள்' என்று போட்டு, அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

கொடி ஏறியது. எல்லோரும் நெஞ்சில் கைவைத்து தேசியகீதம் பாடினார்கள். மேயரும் பாடினார், பின்னால் எதிர்ப்பு வாசகம் எழுதிய தட்டிகளோடு நின்ற கடலோரத்துச் சனமும் தொண்டை கிழியப் பாடியது. பாட்டு முடிந்ததும் முன்வரிசை உட்கார்ந்தது. பின்னால் நின்றவர்களுக்கு நாற்காலி போடவில்லை.

மேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வீரர்களைச் சொன்னார், ரத்தத்தைச் சொன்னார். பிறகு மேடையில் இருந்த மனைவி, கவுன்சிலர்கள் எல்லோரையும் சேர்த்துக் கையை வீசி முழங்கினார்: "தாய்நாட்டுக்காக நாங்கள் எங்கள் வீடுகளை விட்டுக்கொடுப்போம்!"

பின்னாலிருந்து சலோமியின் குரல் கிளம்பியது. "அடி சக்கை! எப்ப காலி பண்றீங்க மேயர்?"

சிரிப்பு வெடித்தது. "சாவியை இப்பவே கொடுங்க!" "மூட்டை தூக்க நாங்க வர்றோம்!" "மலையடிவாரத்துல காத்து நல்லா வரும் மேயர்!" முன்வரிசைப் பெரிய மனிதர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பாவம் மேயர், அதைக் கைத்தட்டல் என்று நினைத்துவிட்டார். நெஞ்சில் கைவைத்து அதே வரியை இன்னொரு தடவை, இன்னும் உருக்கமாகப் படித்தார். துணை மேயர் அம்மாள் அவருடைய சட்டையைப் பிடித்திழுத்துக் காதில் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள். மேயரின் முகம் கறுத்துப்போனது.

மேடையோரத்தில் நின்ற திவினாவைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் திணித்தார். உதட்டில் மட்டும் சிரிப்பு அப்படியே இருக்க, மைக்கில் விழாதபடி அவள் காதோரம் சொன்னார். "டைப் அடிக்கறப்போ தப்பு வந்துடுச்சு, அது 'நாம்'னு சொல்லு. சொல்லிட்டேன்னா நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா. இல்லேன்னா வரவே வேண்டாம்."

கூட்டம் அடங்கிவிட்டது. ஒரே ஒரு சொல்தான், சொல்லிவிட்டால் சம்பளமும் வீடும் மிஞ்சும். பின்னால் கிரிசாந்தோ கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த 'நாம்' அவள் வாயில் வரவில்லை. சனத்துக்கு முதுகைக் காட்டி, மேயரைப் பார்த்துத் திரும்பினாள்.

"தப்பு இல்லை மேயர். நீங்க வேணும்னா போங்க. நாங்க போகலை."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மைக்கில் சொன்ன 'நாங்க' அவளுக்கே திரும்பக் கேட்டது. எந்த உரிமையில் சொன்னோம் என்று உடம்பு கூசியது. கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நாங்களாமே!" என்று பின்னாலிருந்து ஒருவன் இளக்காரமாகச் சொன்னான். அண்ணனின் குரல் இல்லை, அந்த மட்டில் நிம்மதி. உடனே சலோமி கத்தினாள். "அப்புறம் மேடை மேல என்னடி பண்றே? இறங்கி வாடி!"

மைக்குக்காக மேயர் கையை நீட்டியபடி நின்றார். திவினா அதை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். முன்வரிசையில் ஒருவரும் காலை மடக்கி வழிவிடவில்லை. முட்டி இடித்து, மன்னிப்புக் கேட்டு, யாரோ ஓர் அம்மாளின் கைப்பையைத் தட்டிவிட்டு, ஒருவழியாகப் பின்னால் போய்ச் சேர்ந்தாள்.

கிரிசாந்தோ அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஒரு தட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"உசரத் தூக்கிப் பிடி," என்றான். "கை வலிக்குதுன்னு இறக்கினே, தெரியும் சேதி."